மலைக்கள்ளனின் துதிக்கை

திருமங்கலம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சுவர்களுக்கு வியாழக்கிழமை இரவுதான் சட்டை மாற்றும் நேரம். ஒரு ஏணி, வாளி நிறைய மைதாப் பசை, பூச்சி அரிக்காமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம், தேய்ந்துபோன துடைப்பக் கட்டை. விடிந்தால் புதுப்படம். மாடு வந்து பசையை நக்குவதற்குள் நாம் போஸ்டரைப் பார்த்துவிட வேண்டும்.

படத்தின் பெயர் எழுதப்பட்ட விதத்திலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். எழுத்து வழிந்து ஒழுகினால் பேய்ப்படம். உருண்டு புரண்டு குதித்தால் நகைச்சுவை. மொட்டைப் பிரஷ்ஷால் இழுத்ததுபோல் ஓரமெல்லாம் பிசிறடித்து, 'ரு'வின் வால் அரிவாளாக முடிந்தால் அது எங்கள் மதுரைப் பக்கத்துக் கதை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத என் பெரியம்மா, பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தே "இது வெட்டுக்குத்துப் படம்டா, புள்ளைகளக் கூட்டிட்டுப் போகாத" என்று சொல்லிவிடுவார். ஒருமுறையும் தவறியதில்லை.

பெரியம்மாவுக்குத் துப்புக் கொடுத்த அந்த எழுத்து, திருமங்கலத்துச் சுவருக்கு வந்து சேர்ந்த வழி சுற்று வழி.

முதலில், இது பாண்டிய நாட்டின் சொந்த எழுத்தே இல்லை. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் கொங்கர்புளியங்குளம் குன்றுக்குப் போனால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறையில் வெட்டிய தமிழி எழுத்தைப் பார்க்கலாம். கோடும் கோணமுமாக, குச்சி குச்சியாக நிற்கும். அதன் பிறகு இந்தப் பக்கத்தில் நெடுங்காலம் ஆட்சி செய்தது வட்டெழுத்து. நாம் இன்று எழுதுவது பல்லவர், சோழர் வழியாக வடக்கிலிருந்து இறங்கியது. பாண்டிய நாடு சோழர் கைக்குப் போன காலத்தில்தான் வட்டெழுத்து இங்கே மெல்ல ஒதுங்கியது. ஆக, மதுரை மண்ணின் மணம் என்று நாம் கொண்டாடும் போஸ்டர் எழுத்து, பழைய கணக்குப்படி பார்த்தால் தஞ்சாவூர்க்காரர் கொண்டுவந்தது.

ஓலையிலும் கல்லிலும் இருந்த அந்த எழுத்தை உலோகத்துக்கு மாற்றியவர்கள் போர்ச்சுகீசியர். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பணம் திரட்டிக் கொடுக்க, அண்டிரிக் அடிகளார் 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூலை அச்சிட்டார். பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுதான். அச்சுக்கான எழுத்துகளைக் கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்தார்கள். ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமல் எழுதிய பழக்கம் காகிதத்துக்கும் அப்படியே தொற்றிக்கொண்டது. அந்த முதல் அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது.

அடுத்த திருப்பம் தரங்கம்பாடியில், அதுவும் சாப்பாட்டுச் சாமானால் வந்தது. 1706இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வெட்டி வார்த்து, 1713இல் கப்பலில் அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் பெரிய பெரிய எழுத்து. அதை வைத்துப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கையிலிருக்கும் காகிதம் பாதியிலேயே தீர்ந்துவிடும். இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் சீஸ், ஈயத் தகடு சுற்றிய பெட்டிகளில் வந்திருந்தது. அந்த ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தார் அட்லர் என்ற அச்சுக்காரர். 1715இல் நூல் முடிந்தது. சீஸை யார் தின்றார்கள் என்று வரலாறு சொல்லவில்லை. ஈயத்தை வேதாகமம் தின்றது.

நூலுக்குச் சின்ன எழுத்து போதும். சுவருக்குப் பெரிய எழுத்து வேண்டும். ஈயத்தில் அவ்வளவு பெரிதாக வார்த்தால் கனம் தாங்காது, செலவும் தாங்காது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தை எந்திரத்தால் குடைந்து எழுத்து செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். சர்க்கஸ், நாடகம், ஏலம் எல்லாவற்றுக்கும் கட்டை எழுத்துப் போஸ்டர் பரவியது அப்படித்தான். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, 1796வாக்கில், முனிச் நகரத்து நாடக ஆசிரியர் அலோய்ஸ் செனஃபெல்டர் தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிப்போய்ச் சுண்ணாம்புக் கல்லில் அச்சிடும் முறையைக் கண்டிருந்தார். கல்லச்சு, அதாவது லித்தோ. லித்தோவில் எழுத்துக் கோக்கவே வேண்டாம். கல்லின் மேல் எதை வரைந்தாலும் அச்சாகும். படமும் எழுத்தும் ஒரே கையால் வரும். சினிமாப் போஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமான தாய் வேறில்லை. 1894இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் நிறுவிய லித்தோ அச்சகம் வீடுதோறும் சரஸ்வதியையும் லட்சுமியையும் மாட்டியது. அதில் வேலை பார்த்த ஒருவர்தான் பிறகு 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த தாதாசாகேப் பால்கே.

நம் பக்கம் அந்த வேலையைச் செய்தது தீப்பெட்டி. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்குக் கல்லச்சு வேண்டும். புலியும் மயிலும் கிளியும் அச்சடித்துப் பழகிய கைகள் காலண்டருக்குப் போயின, பட்டாசுப் பெட்டிக்குப் போயின, சினிமாப் போஸ்டருக்கும் வந்தன. திருமங்கலத்திலிருந்து சிவகாசி ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம்.

மதுரையில் சினிமாவுக்கு முன்பே போஸ்டர் பசி இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் சபை, சிறுவன் எம்.ஜி.ஆர். சேர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்று நாடகக் கம்பெனிகள் நோட்டீஸ் அடித்துத் தள்ளிய ஊர் இது. பெரிய கட்டை எழுத்தில் நாடகத்தின் பெயர், அதைவிடச் சற்றுச் சின்னதாக ராஜபார்ட், ஸ்திரீபார்ட் பெயர்கள், அதற்கும் கீழே பொடி எழுத்தில் வர்ணனை. எந்த வரியைப் பெரிதாக்குவது, யார் பெயரைப் பெரிதாக்குவது என்ற சண்டைகள் அன்றே தொடங்கிவிட்டன. இன்றும் அவை ஓய்ந்தபாடில்லை.

மௌனப்படத்தில் எழுத்துக்குப் போஸ்டரில் மட்டுமல்ல, திரையிலேயே வேலை இருந்தது. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம். அதன் இடையெழுத்து அட்டைகள் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் இருந்தன. இந்தியை எழுதித் தந்தவர் காந்தியின் மகன் தேவதாஸ். 1931 அக்டோபர் 31இல் 'காளிதாஸ்' பேச ஆரம்பித்ததும் நடுவில் வந்த அட்டைகளுக்கு வேலை போனது. எழுத்து இரண்டே இடத்தில் பிழைத்தது: படத்தின் தொடக்கத்தில், சுவரில். வாய் போன எழுத்து உடனே முகம் சிங்காரிக்க ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம். மதுரையில் அது கட்டடத்தின் நெற்றியிலும் ஏறியது. மதுரை ராயல் டாக்கீஸார் 1937இல் தியாகராஜ பாகவதரை வைத்து எடுத்த 'சிந்தாமணி' கொட்டிய லாபத்தில் ஒரு தியேட்டர் கட்டி, அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். படத் தலைப்பு சுதை எழுத்தானது.

இனி இந்தக் கதையின் நடு மையத்துக்கு வருவோம். மேல்நாட்டில் படத் தலைப்புக்கு எழுத்துருவைத் 'தேர்ந்தெடுப்பது' பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். தமிழ் சினிமாவில் ஐம்பது அறுபது ஆண்டுகள் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. எல்லாமே வரைந்தது.

காரணம் சாதாரணக் கணக்கு. ஆங்கிலப் போஸ்டருக்கு 26 பெரிய எழுத்து இருந்தால் கடையைத் திறந்துவிடலாம். தமிழில் உகரமும் ஊகாரமும் மட்டுமே 36 வடிவம். கு ஒரு மாதிரி வளையும், சு ஒரு மாதிரி தொங்கும், டு ஒரு மாதிரி சுழிக்கும். புள்ளி வைத்த மெய், வைக்காத மெய், கொம்பு, கால் எல்லாம் சேர்த்தால் அச்சுக்கோப்பவரின் பெட்டியில் நூற்றுக்கு மேல் அறை வேண்டும். இத்தனையையும் பெரிய அளவில், விதவிதமான பாணியில் வாங்கிவைக்க எந்தச் சிற்றூர் அச்சகத்துக்குக் கட்டுப்படியாகும்?

எங்கள் ஊரில் ஒரு ட்ரெடில் அச்சகம் இருந்தது. மெட்ராஸில் வரைந்து சிவகாசியில் அடித்த வண்ணப் போஸ்டர் ரயிலில் வரும். அதன் அடியில் ஒட்டுவதற்குத் தியேட்டர் பெயர், 'இன்று முதல்', 'தினசரி 4 காட்சிகள்' போட்ட ஸ்லிப்பை உள்ளூரில்தான் அடிப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் நிற்பேன். ஒருநாள் தியேட்டர்க்காரர் 'முழுநீள நகைச்சுவைச் சித்திரம்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். கம்பாசிட்டர் அண்ணன் கட்டை எழுத்துப் பெட்டியைக் கிண்டினார்.

"என்ன தேடுறீங்கண்ணே?"

"'ழு'தாம்ப்பா. இருந்ததே ஒன்னு. அதுக்கும் வால் ஒடிஞ்சுபோச்சு."

ஒடிந்த வாலை விரலில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தார். மறுநாள் சுவரில் 'வயிறு குலுங்கும் சித்திரம்' என்று இருந்தது. படம் பார்த்தவர்களுக்கு வயிறு குலுங்கவில்லை; அது வேறு விஷயம்.

அச்செழுத்தின் இந்த வறுமைதான் கையெழுத்துக்குச் செல்வமானது. தலைப்பை ஓவியர் தூரிகையால் வரைந்தார். வார இதழ்களின் தொடர்கதைத் தலைப்புகளும் அப்படித்தான் வந்தன; இரண்டு பக்கமும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். 'சந்திரலேகா'வின் (1948) எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனுக்கும் முதலாளி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பேனர் பட்டறையில் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சாக்பீஸால் துணியில் பெரிதாக்கி, முகத்தை ஒருவர் தீட்ட, எழுத்தை இன்னொருவர் எழுதுவார். எழுத்துக்காரர் அடிக்கோடு மட்டும் போட்டுக்கொண்டு மற்றதைக் கண்ணளவில் இழுப்பார். 'ர'வின் கால், 'ழ'வின் சுழி, 'ி'யின் வளைவு என்று தமிழில் இழுத்து விளையாட இடம் ஏராளம். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். அத்தனையும் நிரம்ப வேண்டுமென்றால் எழுத்து தெருக்கோடியிலிருந்தே கூப்பிட வேண்டும். 1957இல் 'வணங்காமுடி'க்காகச் சென்னை சித்ரா தியேட்டரில் மோகன் ஆர்ட்ஸ் நிறுத்திய சிவாஜி கட்-அவுட் இந்தப் போட்டியை வானத்துக்குக் கொண்டுபோனது. பகலில் சினிமா எழுதிய கை தேர்தல் வந்தால் கட்சிச் சுவரும் எழுதியது. அதே வாளி, அதே பிரஷ்.

காப்பியடிக்கவும் தயங்கவில்லை. 1959இல் 'பென்-ஹர்' போஸ்டரில் ஜோசப் ஸ்மித் தலைப்பை மலை உயரக் கற்சிலைபோல வரைந்தார். 'ஷோலே' வரைக்கும் அந்தக் கல்லெழுத்து வந்தது. நம்மூர் ஓவியர்களும் எந்தச் சரித்திரப் படம் வந்தாலும் எழுத்தைக் கருங்கல்லாக்கி அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் நிறுத்தினார்கள். அமெரிக்காவிலும் நிலைமை நாம் நினைக்கிற மாதிரி இல்லை. 'வெர்டிகோ', 'சைக்கோ' தலைப்புகளுக்காக உலகம் சால் பாஸைப் புகழ்கிறது. அந்த எழுத்துகளை உட்கார்ந்து கையால் எழுதியவர் ஹெரால்டு அட்லர் என்ற லெட்டரிங் ஆர்ட்டிஸ்ட். சீஸ் ஈயத்தை உருக்கிய தரங்கம்பாடி அட்லருக்கு இவர் உறவில்லை. எழுத்துக்காரனின் பெயர் சின்னதாகவே போடப்படும் என்பதில் மட்டும் இருவரும் பங்காளிகள்.

இப்போது துதிக்கைக்கு வருகிறேன். 1954இல் 'மலைக்கள்ளன்' வந்தது. அன்றைய வழக்கப்படி அதன் 'லை'யில் முன்னால் நிற்கும் சங்கிலிக் கொம்பு கிடையாது. 'ல'வின் தலைக்கு மேலே யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு எழும்பும். ணை, னை, ளை எல்லாவற்றுக்கும் அதே துதிக்கை. 'நினைத்ததை முடிப்பவன்' (1975) வரையில் தலைப்பு எழுதுகிறவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். வரிக்கு மேலே வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் ஓர் அலங்காரம் இலவசமாகக் கிடைத்தது. பெரியார் 1935 முதல் கைக்கொண்டிருந்த சீர்திருத்த எழுத்துகளை 1978இல் தமிழக அரசு ஏற்றது. துதிக்கைக்கு ஓய்வு. ஆணையிட்ட முதலமைச்சர் அந்த 'மலைக்கள்ளன்' எம்.ஜி.ஆரேதான். தட்டச்சுக்கும் அச்சுக்கும் நல்லதே நடந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் பழைய பாட்டுப் புத்தக அட்டையில் அந்தத் துதிக்கையைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சின்ன ஏக்கம் வரத்தான் செய்கிறது.

எம்.ஜி.ஆரின் இன்னொரு படம், 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), சுவரொட்டிக்கு வரி கூடியிருந்த நேரத்தில் போஸ்டர் இல்லாமலேயே வந்தது, ஸ்டிக்கர்களே விளம்பரமாயின என்பார்கள். சுவர் இல்லாவிட்டால் ரிக்‌ஷாவின் முதுகு.

1992இல் எழுத்து ஆடத் தொடங்கியது. 'அண்ணாமலை'யில் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்து 'சூப்பர் ஸ்டார்' என்று கூடியதே, அந்த அட்டைக்கு இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணாவுக்குப் பொறி தந்தது ஜேம்ஸ் பாண்ட் படங்களின் துப்பாக்கிக் குழல் காட்சி. 1962இல் 'டாக்டர் நோ'வுக்காக மாரிஸ் பைண்டர் உருவாக்கியது, முப்பது ஆண்டு கழித்து மதுரைத் தியேட்டர்களில் சில்லறைக் காசாகத் திரையில் வந்து விழுந்தது.

கணினி வந்ததும்தான் 'தேர்வு' என்ற சொல்லுக்கே பொருள் பிறந்தது. வழி திறந்தவர்களில் முன்னோடி மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். 1985இல் முரசு மென்பொருள். ஆப்பிள் கருவிகளில் வரும் தமிழ் எழுத்துருக்களில் அவர் கைவண்ணம் உண்டு. பின்னாலேயே ஃபிளெக்ஸ் வந்தது, பேனர் பட்டறைகள் சில ஆண்டுகளில் காலியாயின. அந்த உலகத்தை உள்ளிருந்து பார்த்த கோவை பேனர் ஓவியர் ஜீவா எழுதிய 'திரைச்சீலை', சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான 2010ஆம் ஆண்டின் தேசிய விருதைப் பெற்றது.

ஒரே ஓர் எழுத்துக்குப் பணமும் கைமாறியிருக்கிறது. 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்றது அரசு. 'ஜில்லுனு ஒரு காதல்' சட்டென்று 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. கிரந்த 'ஜி' போய்த் தமிழ் 'சி' வந்ததில் மிச்சமானது வரி. தமிழ் எழுத்துக்கு இவ்வளவு விலை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. 2017இல் 'மெர்சல்' தலைப்பு டிரேட்மார்க்காகவே பதிவானது. இடையில் 'விஸ்வரூபம்', தமிழ் எழுத்தை அரபு எழுத்தின் சாயலில் வளைத்துக் காட்டிப் பார்ப்பவரை ஒரு கணம் தடுமாற வைத்தது. கோபி பிரசன்னா போன்ற இன்றைய வடிவமைப்பாளர்களும் பெரிய படத் தலைப்பென்றால் எழுத்துருவை அப்படியே எடுத்துப் போடுவதில்லை, வரைகிறார்கள்.

சின்னப் படங்களும் காதுகுத்து ஃபிளெக்ஸும் எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்கின்றன. ஹாலிவுட்டிலும் இதே சோம்பல் உண்டு. ரோமில் கி.பி. 113இல் எழுப்பிய டிராஜன் தூணின் எழுத்தை 1989இல் கரோல் டுவாம்பிளி எழுத்துருவாக்க, 'டைட்டானிக்' முதல் எண்ணற்ற போஸ்டர்களில் அதுவே வந்தது. டிராஜன் காலத்து ரோமானியர்கள் மிளகும் முத்தும் வாங்க நம் கடற்கரைக்கு வந்துபோனவர்கள். அவர்கள் நாட்டுக் காசு மதுரைப் பக்கமே கிடைத்திருக்கிறது.

சென்ற மாதம் திருமங்கலத்தில் ஒரு கல்யாண ஃபிளெக்ஸில் மணமக்கள் பெயர் மென்மையான வளைவுகளோடு அழகாக இருந்தது. கடைக்காரத் தம்பியிடம் என்ன எழுத்துரு என்று கேட்டேன். "அரிமா மதுரைண்ணே. கூகுள்ல சும்மாவே கெடைக்குது" என்றார். நம்மூர்க்காரர் யாரோ செய்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். செய்தவர்கள் நடானியேல் காமாவும் ஜோவானா கொரெய்யாவும், போர்ச்சுகல்காரர்கள். இன்னொன்று இருக்கிறது, 'ஹிந்த் மதுரை'. அது அகமதாபாத்தின் இந்தியன் டைப் ஃபவுண்டரி வெளியிட்டது. மதுரை என்று பெயர் வைத்த அந்த இரண்டு எழுத்துருவிலும் அரிவாள் இல்லை என்பதைச் சினிமாக்காரர்கள் கவனிக்கலாம்.

கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒருவர் பழைய புத்தகம், பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் என்று கண்டதையெல்லாம் சேர்த்துவைத்தார். அவர்தான் ரோஜா முத்தையா செட்டியார். அந்தச் சேகரம்தான் 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது, இப்போது தரமணியில். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டுப் புத்தகமோ, மூடிய அச்சகத்தில் கட்டை எழுத்தோ கிடந்தால், எடைக்கும் அடுப்புக்கும் போடுவதற்கு முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வால் ஒடிந்த 'ழு'வாக இருந்தாலும் பரவாயில்லை.